ஆல்டோ மட்டும் தெரிந்தவள்

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்த கோடையில், நாகர்கோவிலில் இருந்த ஒரு மேற்கத்திய இசைப் பள்ளியின் இரண்டு வருட டிப்ளமோவுக்கு விண்ணப்பித்தேன். பாட்டுப் பிரிவில் எட்டே இடங்கள். நுழைவுத் தேர்வுக்கு இரணியலிலிருந்து பஸ்ஸில் போகும்போது கையில் ஒரு பட்டியல் இருந்தது: ஸ்கேல், தாளம், நோட்டேஷன் வாசிப்பு, விருப்பப் பாட்டு ஒன்று. நான்கிலும் பென்சிலால் டிக் அடித்திருந்தேன்.

முதல் மூன்றும் மளமளவென்று முடிந்தன. தாளம் தட்டும்போது எனக்கே சிரிப்பு வந்தது, அவ்வளவு சரியாக விழுந்தது. கடைசியாக, எங்கள் சபையில் கிறிஸ்துமஸ் தோறும் பாடும் ஒரு ஞானப்பாட்டை எடுத்தேன். இரண்டு வரி போனதும் பியானோவில் இருந்த ஆசிரியை கையைத் தூக்கினார்.

“இது எந்தப் பாட்டும்மா?”

சொன்னேன்.

“அது எனக்குத் தெரியும். நீ பாடுனது அது இல்லியே.”

அப்போதுதான் உறைத்தது. பன்னிரண்டு வயதிலிருந்து பாடகர் குழுவில் ஆல்டோ வரிசையில் நிற்கிறேன். மெட்டைப் பாடுகிறவர்கள் சோப்ரானோக்கள். அதற்குக் கீழே ஒட்டிப்போகும் துணைக்குரல் எங்களுடையது. தனியாகக் கேட்டால் மூன்று நான்கு சுரங்களுக்குள் சுற்றிச்சுற்றி வரும். மெட்டை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், ஒருமுறைகூடப் பாடியதில்லை. முயன்று பார்த்தேன். இரண்டாவது சொல்லிலேயே குரல் பழைய இடத்துக்கு இறங்கிவிட்டது.

“ஒரு நிமிஷம் டீச்சர்,” என்று வராந்தாவுக்கு ஓடினேன். அடுத்ததாகக் காத்திருந்த பெண்ணை அதற்கு முன் பார்த்ததில்லை.

“நீங்க சோப்ரானோவா?”

“ஆமா. ஏன், உள்ள கடிக்காங்களா?”

பாட்டைச் சொல்லி, கூட வந்து பாட முடியுமா என்று கேட்டேன்.

“நல்லா இருக்கு. சீட்டுக்கு நீயும் நானும் போட்டி. உனக்க பாட்ட நான் பாடணுமா?” செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள், “நடட்டி, உள்ள போவோம்.”

அவள் மெட்டை எடுத்ததும் என் குரல் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. மூன்றாவது வரியில் வேண்டுமென்றே வேகம் கூட்டினாள். விடாமல் கூடவே போனேன். கடைசி வரிக்கு ஆசிரியை இடது கையால் அடிக்குரலான பேஸ் சுரங்களை வாசித்தார். அறையே நிறைந்துபோனது.

“உனக்கு இடம் உண்டு,” என்றார் என்னிடம். “ஆனா முதல் மூணு மாசம் மெட்டு மட்டுந்தான். ஆல்டோவ வாயில எடுக்கப்பிடாது.”

தலையாட்டிவிட்டு வாசலுக்குத் திரும்பினேன். அவள் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள்.

“எங்க போற? இனி எனக்க முறை, நீ கூட நின்னு ஆல்டோ பாடு. அந்த மூணு மாசம் நாளைக்குத் தொடங்கட்டும்.”