சீனாவில் எனக்குப் பிரேக் இல்லை

கார் ஓடப் பழக்கும் தொழிலில் ஒரேயொரு நிம்மதி, ஸ்டியரிங் மற்றவர் கையில் இருந்தாலும் நம் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். லண்டனில் தோர்ண்டன் ஹீத் தமிழ்ச் சனத்தில் பாதிப் பேருக்கு நான்தான் பழக்கினேன். பாஸ் பண்ணியவர்கள் என்னைக் கண்டால் ஹோர்ன் அடிப்பார்கள். பாஸ் பண்ணாதவர்கள் பஸ் தரிப்பிடத்தில் நின்றபடி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார்கள்.

அந்த நிம்மதி இல்லாமல் நான் செய்த ஒரே பயணம், இரண்டாயிரத்துச் சொச்சத்தில் என் மனைவி மாலாவும் நானும் சீனாவுக்குப் போய் எங்கள் மகளைக் கூட்டி வந்ததுதான். பிள்ளைக்காக வருடக்கணக்கில் காத்திருந்தவர்களே, கட்டிய மனைவிக்குக் கார் பழக்கியவர்களே, இந்த இரண்டு பாட்டையும் சேர்த்தே பட்ட என் கூட்டத்தாரே, இது உங்களுக்குத்தான்.

ரவுண்டபௌட்டில் வந்த கேள்வி

என்னிடம் பழகியவர்களில் அதிக காலம் பழகியவர் பூமணி அக்கா. கணவரின் பலசரக்குக் கடைக்குத் தானே வான் ஓடிப் போய்ச் சாமான் ஏற்றி வர வேண்டும் என்பது அவருடைய ஆசை. டெஸ்ட் எடுக்கும் அதிகாரிகள் அந்த ஆசைக்குத் தொடர்ந்து தடை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவரிடம் ஒரு பழக்கம். முக்கியமான விசயம் எதையும் நேர் வீதியில் கேட்கமாட்டார். கார் ரவுண்டபௌட்டுக்குள் நுழைந்த பிறகுதான் வாயைத் திறப்பார்.

நாங்கள் சீனாவில் ஒரு பிள்ளையைத் தத்தெடுக்கப் போகிறோம் என்ற செய்தி அவர் கடையில் வெங்காயத்தோடு சேர்ந்து விற்பனையாகிக்கொண்டிருந்த நேரம். கார் வட்டத்துக்குள் போனது. "ஊரில எத்தினை குஞ்சுகள் தாய் தேப்பன் இல்லாமல் நிக்குதுகள். நீங்கள் ஏன் தம்பி சீனாவுக்குப் போறியள்?" என்றார். நியாயமான கேள்வி. நாங்கள் முதலில் கேட்டதே ஊரில்தான். அங்கே நடந்த போருக்குள் ஒரு பிள்ளைக்கான கடதாசி வேலைகளை ஒப்பேற்றி லண்டன் வரை கொண்டுவர எங்களால் முடியவில்லை. வருடங்கள் போய்விட்டன, கடைசியில் திறந்த கதவு சீனாக் கதவுதான். இவ்வளவையும் நான் விளக்கி முடிப்பதற்குள் அந்த வட்டத்தை நாங்கள் சுற்றிய சுற்றில், நடுவில் பூக்கன்று நட்டுக்கொண்டிருந்த கவுன்சில் ஆளுக்கே தலை சுற்றியிருக்கும். பூமணி அக்கா ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "விளங்குது தம்பி. இப்ப இதுக்குள்ள இருந்து எதாலை வெளிய போறது?"

பின்சீற்றில் ஓர் அம்மணி

எங்களை நம்பிப் பிள்ளையைத் தரலாமா என்று பார்க்க ஒரு சோஷல் வேர்க்கர் மாதக்கணக்கில் வீட்டுக்கு வந்தார். மென்மையான குரல் கொண்ட வெள்ளைக்கார அம்மணி. மாலாவின் வடையைச் சாப்பிட்டபடியே மடக்கும் கேள்வி கேட்பார். "உங்களுக்குக் கோபம் வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். அதற்கு ஆங்கிலத்தில் அழகான பதில் ஒன்றைப் பாடமாக்கி வைத்திருந்தேன். ஒப்புவித்தேன். அவர் ஒரு சொல்லைக்கூட நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

அன்று வெளியே நல்ல மழை. "அவவை ஸ்டேஷனில இறக்கி விடுங்கோவன்" என்றாள் மாலா. அது பூமணி அக்காவின் பாட நேரம். அவர் ஏற்கெனவே ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி காரில் இருந்தார். கையில் கோப்போடு ஒரு வெள்ளைக்காரி பின்சீற்றில் ஏறியதைக் கண்டதும், யாரோ தன்னை இரகசியமாகச் சோதிக்க ஆள் அனுப்பிவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டார். பிறகு கேட்க வேண்டுமா? பச்சை விளக்கில் நின்றார். சிவப்பில் புறப்பட்டார். வைப்பரைப் போடச் சொன்னால் ஹோர்னை அடித்தார். நான் என் பிரேக்கை அமத்தி அமத்தி, "பரவாயில்லை அக்கா, கண்ணாடியைப் பாருங்கோ, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஸ்டேஷனில் இறங்கிய அம்மணி குடையைக் காரிலேயே மறந்து போனார். அதை எடுக்கத் திரும்பி வந்தவர், கண்ணாடியில் தட்டிச் சொன்னார்: "கோபத்தைப் பற்றி நான் கேட்ட கேள்விக்கு இப்போது எனக்குப் பதில் கிடைத்துவிட்டது."

மீசைக்கு வந்த ஆபத்து

காத்திருந்து காத்திருந்து அலுத்த ஒரு காலையில் சீனாவிலிருந்து பிள்ளையின் படம் வந்தது. மெய்லின், வயது ஒன்றே கால். உடுப்புக்கு மேல் உடுப்புப் போட்டுப் பந்து மாதிரி உருட்டி வைத்திருந்தார்கள். லைசென்ஸைப் பறிகொடுத்தவர் மாதிரி ஒரு முகம். அந்த நிமிடமே நான் அந்த முகத்தில் விழுந்துவிட்டேன். மாலாவோ படத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு அடுப்பை அணைக்க மறந்து, பருப்பைக் கரியாக்கினாள்.

படத்தின் பிரதியொன்றைக் காரில் செருகி வைத்தேன். பழக வந்த எல்லோரும் பிள்ளையைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். என் மீசை கொஞ்சம் பெரியது. பராமரிப்பு இல்லத்தில் பெண்களையே பார்த்து வளர்ந்த பிள்ளை இதைக் கண்டால் வலிப்பு வந்துவிடும் என்பது பொதுக்கருத்து. மாலா சவரக்கத்தியோடு பின்னால் திரிந்தாள். அவளுடைய பக்கத்தில் ஆயத்தம் பலம். மாலை வகுப்புக்குப் போய்ச் சீனமொழி படித்தாள். கழுவும் கோப்பைகளோடெல்லாம் சீனத்தில் கதைத்தாள். என்னிடம் இருந்தது மீசை ஒன்றுதான், அதையும் எப்படி விடுவது? பூமணி அக்காவின் மகள் ஒரு நாள் பின்சீற்றிலிருந்து தீர்ப்புச் சொன்னாள்: "அங்கிள், சீரியஸா, நீங்க சினிமாவில கிட்னாப் பண்ண வாற ஆள் மாதிரி இருக்கிறீங்க."

டாக்ஸிக்காரரின் சந்தேகம்

சீனாவில் எங்களை அழைத்துப் போக வந்தவள் வென் என்ற வழிகாட்டிப் பெண். நல்ல ஆங்கிலம், அதைவிட நல்ல பொறுமை. அவளும் மாலாவும் டாக்ஸியின் பின்னால் ஏற, என்னை முன்னால் ஏற்றினார்கள். அங்கே ஸ்டியரிங் இடது பக்கம். லண்டனில் ஓடுபவர் இருக்கும் வலது சீற்றில் என்னை இருத்திவிட்டு, ஸ்டியரிங்கையும் மூன்று பெடலையும் கழற்றிக்கொண்டு போன மாதிரி இருந்தது எனக்கு.

சாரதி மூன்று பாதையில் ஒரே நேரத்தில் போனார். எதிரே பன்றி ஏற்றிய லொறி. அதற்கும் சைக்கிளுக்கும் நடுவில், எனக்குத் தெரியாத ஓர் இடைவெளி அவருக்குத் தெரிந்தது. என் கால் தன் பாட்டுக்கு இல்லாத பிரேக்கை மிதித்தது. ஒவ்வொரு சந்தியிலும் மிதித்தது. கடைசியில் தொடைவரை பிடித்துக்கொண்டது. மாலா கண்ணை மூடிச் சீனப் பாடத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். இறங்கும்போது சாரதி வென்னிடம் ஏதோ கவலையோடு கேட்டார். அவள் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தாள்: "நல்ல வைத்தியர் ஒருவர் பக்கத்தில் இருக்கிறாராம். காரை இப்படி உதைக்கும் வருத்தம் தன் மச்சானுக்கும் இருந்ததாம்."

பிடி

அரசாங்கக் கட்டடம் ஒன்றின் அறை. சுவரோரம் எங்களைப் போலப் பல நாட்டுத் தம்பதிகள். எல்லோரும் டெஸ்டுக்கு வந்தவர்கள் மாதிரிக் கையைப் பிசைந்துகொண்டிருந்தோம். கதவு திறந்து மெய்லின் ஒரு தாதியின் தோளில் வந்தாள். மாலா எழுந்து, இரண்டு கையையும் நீட்டி, ஒரு வருடமாகப் பழகிய வாக்கியத்தைச் சொன்னாள். 'நான் உன் அம்மா, பயப்படாதே' என்று அர்த்தம். மெய்லின் அலறிய அலறலில் மற்றப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். மாலா இன்னும் கனிவாக இன்னொரு தரம் சொன்னாள். அலறல் இன்னும் கூடியது.

பதற்றத்தில் தாதி பிள்ளையை என் கையில் வைத்துவிட்டாள். மெய்லின் வாயைத் திறந்தபடி என் முகத்தைப் பார்த்தாள். சத்தம் நின்றது. இரண்டு கையாலும் என் மீசையைப் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை. நான் குனிந்தபடியே கையெழுத்துப் போட்டேன், குனிந்தபடியே படத்துக்கு நின்றேன். கண்ணால் தண்ணீர் கொட்டியது. பாதி வலி, மீதி வேறு. மாலாவின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. வென் அவளை ஆறுதல்படுத்தினாள்: "மேடம், நீங்கள் பேசியது மிகச் சுத்தமான சீனம். இந்த ஊரில் டெலிவிஷனில் செய்தி வாசிப்பவர்கள்தான் அப்படிப் பேசுவார்கள். பிள்ளை இன்னும் செய்தி கேட்டுப் பழகவில்லை."

தண்ணீர்ச் சத்தம்

சீனாவில் இருந்த மிச்ச நாளெல்லாம் மெய்லின் என் மேல்தான் குடியிருந்தாள். பால் போத்தலை நான் கொடுத்தால் குடிப்பாள், அதையே மாலா கொடுத்தால் முகத்தைத் திருப்புவாள். நான் குளிக்கப் போனால் கதவடியில் இருந்து அழுவாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஹோட்டல் வரவேற்பறையில் மீசையில் பிள்ளை தொங்க, சபாரி சூட் போட்ட மாப்பிள்ளை மாதிரி உலாவினேன்.

ஆனால் மாலா அடிக்கடி குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள். குளிக்கிற சத்தமில்லை அது. இந்தப் பிள்ளைக்கு முதலில் ஆசைப்பட்டவள் அவள். வேலையை விடத் துணிந்தவள், மொழி படித்தவள், தொட்டில் விரிப்புக்குப் பூத் தைத்தவள். இவ்வளவும் செய்தவளுக்குப் பிள்ளை கிடைக்காமல், மீசை வளர்த்ததைத் தவிர ஒன்றும் செய்யாத எனக்குக் கிடைத்துவிட்டது. ஒரு நாள் மாலா முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தபடி சொன்னாள்: "அப்பவே சொன்னனான், மீசையை எடுங்கோ எண்டு. எடுத்திருந்தா ஒருத்தரிட்டையும் வராமல் ரெண்டு பேருக்கும் சமமா இருந்திருக்கும்."

ஞாயிற்றுக்கிழமைப் பாடம்

லண்டனுக்கு வந்தும் கதை மாறவில்லை. நான் வேலைக்கு வெளிக்கிட்டால், மெய்லின் ஜன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு என் எல் போர்டு கார் திரும்பி வரும்வரை கத்துவாள். கிழமைகள் போயின. ஒரு ஞாயிறு மாலா திடீரென்று சொன்னாள். "இஞ்சாருங்கோ, எனக்குக் கார் பழக்குங்கோ. அவ உங்கட காரைத்தானே தேடுறா. அதை நான் ஓடினா, என்னையும் கொஞ்சம் தேடுவா." எனக்குப் பகீர் என்றது. கலியாணம் கட்டிய புதிதில் அவளுக்கு நான் கொடுத்த ஒரே பாடம், அவள் நடுவீதியில் காரை விட்டு இறங்கி பஸ்ஸில் வீட்டுக்குப் போனதோடு முடிந்தது. மனைவிக்குப் பழக்கியவர்களே, உங்களுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. ஆனால் அவள் கேட்டது காரையல்ல என்று தெரிந்தபிறகு எப்படி மறுப்பது?

குறொய்டன் பக்கம் ஆளில்லாத தொழிற்பேட்டை. பின்னால் பிள்ளைச் சீற்றில் மெய்லின். "கிளச்சை மெதுவா விடும்" என்றேன். மாலா படாரென்று விட்டாள். கார் ஒரு குதி குதித்து, குலுங்கி, எஞ்சின் நின்றது. பின்னாலிருந்து ஒரு சத்தம். அழத் தொடங்கிவிட்டாள் என்று இருவரும் திரும்பினோம். முளைத்த பல் அத்தனையும் தெரிய அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். என் மீசையில் தொங்கியிருக்கிறாளே தவிர, எனக்குக்கூட அவள் ஒரு நாளும் சிரித்துக் காட்டியதில்லை. மாலா மறுபடி எஞ்சினைப் போட்டாள். இந்த முறை வெண்ணெய் மாதிரி எடுத்தாள். "அப்பிடித்தான்!" என்றேன். பின்சீற்றில் மௌனம். மாலா கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். கிளச்சை விட்டாள். குதி, குலுக்கல், சிரிப்பு. "நீர் வேணுமெண்டு செய்யிறீர்" என்றேன். "ஓம்" என்றாள்.

எஞ்சின் நிற்காமல் ஓடப் பழக்கித்தான் நான் இத்தனை காலம் சோறு சாப்பிட்டேன். அன்று தோர்ண்டன் ஹீத் வரை என் மனைவி சந்திக்குச் சந்தி எஞ்சினை நிறுத்திக்கொண்டு வர, நான் வாயைத் திறக்கவில்லை. அவள் அழுதுகொண்டே சிரித்தாள். மெய்லின் கைதட்டிக்கொண்டு வந்தாள். ஹை ஸ்ட்ரீட் விளக்கு பச்சையாகி, மறுபடி சிவப்பாகி, பின்னால் பஸ் ஒன்று ஊளையிட்டது. எட்டிப் பார்த்தால் சாரதி என்னுடைய பழைய மாணவன். பக்கக் கண்ணாடியைத் திறந்து கத்தினான்: "மாஸ்டர், இப்ப நிப்பாட்டவும் பழக்குறியளோ?"

கடைசித் தரிப்பு

வீட்டு வாசலில் பின்கதவைத் திறந்து, வழக்கம் போல மீசையை நீட்டிக் குனிந்தேன். மெய்லின் உள்ளங்கையால் என் முகத்தை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, சாரதி சீற்றைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினாள். மாலா தன் பெல்ட்டின் பொத்தானை அமத்தி அமத்திப் பார்த்தாள், கழறவில்லை. பெல்ட் போடவும் கழற்றவும் ஊருக்கே பழக்கிய நான் அதைக் கழற்றிவிட்டேன். எனக்கும் முதல் தரத்தில் கழறவில்லை. மாலாவின் இடுப்பில் ஏறியதும் மெய்லின் உடம்பை எம்பி எம்பிக் குலுக்கினாள். கார் செய்ததைச் செய் என்று கட்டளை. மாலா விளங்கிக்கொண்டாள். வாசலிலிருந்து கதவுவரை என் மனைவி குதித்து, நின்று, குலுங்கி, மறுபடி குதித்துப் போனாள். ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த பாடத்தில் பூமணி அக்காவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். ரவுண்டபௌட் வரும்வரை பேசாமல் கேட்டார். உள்ளே நுழைந்ததும் எஞ்சின் நின்றது. நான்கு பக்கமும் ஹோர்ன். அவர் என் பக்கம் திரும்பி, உண்மையான மனக்குறையோடு கேட்டார்: "நானும் எவ்வளவு காலமா எஞ்சினை நிப்பாட்டுறன், ஒருத்தராவது கைதட்டினவையே தம்பி?"

மாலா இன்னும் டெஸ்ட் பாஸ் பண்ணவில்லை, பாஸ் பண்ண வைக்க வேண்டிய மாஸ்டருக்கும் இப்போதைக்கு அவசரமில்லை.