அனகாபுத்தூரில் ஆறிப்போன டீ

மதியம் மூன்று மணி வெயிலில், இரும்புலியூரிலிருந்து நானும் மனைவி லதாவும் கிளம்பினோம். போகுமிடம் அனகாபுத்தூர். பன்னிரண்டு கிலோமீட்டர் இருந்தால் அதிகம். அலுவலகத்தில் என் பக்கத்து மேசை யூசுஃபின் வீடு அங்கே அடையாற்றங்கரையில் இருக்கிறது. பெருமழை வந்தால் ஆறு அவர் கூடத்துக்கே வந்துவிடும். எங்கள் வீட்டு மாடியோ காலியாகக் கிடக்கிறது. அடுத்த மழைக்குள் குடிவந்துவிடுங்கள் என்றேன். அவருக்குச் சம்மதம், அவர் மனைவி பாத்திமாவுக்கு மனமில்லை. ஏனென்று யூசுஃப் சொல்லவில்லை. நேரில் பேசிச் சம்மதிக்க வைக்கத்தான் இந்தப் பயணம்.

ரம்ஜான் மாதம் என்பதால் லதா முன்யோசனையோடு இருந்தாள். என்னை வயிறு முட்டச் சாப்பிட வைத்தாள். பையில் மேலே பேரீச்சம்பழம், அடியில் யார் கண்ணிலும் படாமல் தண்ணீர் பாட்டில்.

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிப் பல்லாவரத்தில் இறங்கினோம். டிக்கெட் ஐந்து ரூபாய். அங்கிருந்து குன்றத்தூர் போகும் ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு இருபது ரூபாய், முட்டி இடிப்பது இலவசம். பம்மல் தாண்டியதும் லதா பாட்டிலை எடுத்து மடமடவென்று குடித்தாள். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"இன்னாக்கா, தண்ணி லாரி கணக்கா ரொப்பிக்கிறீங்க?"

"நோன்பு வீட்டுக்குப் போறோம்பா. அங்க குடிக்க முடியாதுல்ல."

"அது கரீட்டு. அவங்க வாயக் கட்டிகினு கீறாங்க, நாம முன்னால குந்திகினு முழுங்கினா நல்லாவா கீது?"

ஆக, ஆட்டோக்காரரின் ஒப்புதலும் கிடைத்தது.

நாலரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். குறுகலான சந்து. வீட்டுச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு, பழைய வெள்ளம் விட்டுப்போன பழுப்புக் கோடு. "வாங்கண்ணா, வாங்கக்கா" என்று பாத்திமா முக்காட்டைச் சரிசெய்தபடி வரவேற்றார். உட்கார்ந்ததுமே இரண்டு டம்ளர் டீயும் ஒரு தட்டு முறுக்கும் வந்தன.

"ஐயோ, வேண்டாம்மா" என்றாள் லதா. "இப்பதான் சாப்பிட்டோம்" என்றேன் நான். தண்ணீர்? அதுவும் வேண்டாம் என்றோம். பாத்திமா டம்ளர்களையும் தட்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். யூசுஃப் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் மாடியின் காற்றோட்டத்தைப் பற்றி நான் பேசியதை அந்த மின்விசிறிதான் கேட்டிருக்கும்.

சற்று நேரம் கழித்துப் பாத்திமா கதவோரம் வந்து நின்றார்.

"தப்பா நினைக்காதீங்கண்ணா. மாடி வேணாம். முன்ன நாங்க குடியிருந்த எடத்துல ஹவுஸ் ஓனர் நல்லவங்கதான். ஆனா ஒரு நாள்கூட எங்க கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிச்சதில்ல. எதக் குடுத்தாலும், இப்பதான் சாப்பிட்டோம்னு சொல்லிடுவாங்க. மறுபடியும் அப்படி இருக்க என்னால முடியாது."

எனக்குக் காது சுட்டது. அதே வார்த்தையைத்தானே நானும் சொல்லியிருந்தேன்!

லதா பையைத் துழாவிப் பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

"பாருங்க பாத்திமா, ஆட்டோவுலயே பாதி பாட்டில் குடிச்சிட்டு வந்தேன். நோன்பு இருக்கிறவங்க முன்னாடி குடிக்கக் கூடாதேன்னுதான். வேற ஒண்ணுமே இல்ல."

பாத்திமா பாட்டிலைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"நோன்பு எங்களுக்குத்தானேக்கா? வீட்டுக்கு வந்தவங்களுக்குமா?"

"அப்ப அந்த டீயக் கொண்டாங்க."

"அது ஆறிப்போச்சு. வேற போடறேன்."

நோன்பு இருக்கும் இருவர் பார்த்திருக்க, டீ குடித்தோம். கூச்சமாகத்தான் இருந்தது. சர்க்கரை கொஞ்சம் தூக்கல். போட்டவர் ருசி பார்த்திருக்க முடியாதே. நோன்பு நாளில் நாமாகப் பொட்டலம் பிரித்துத் தின்பது வேறு, அவர்கள் வைத்ததைத் தள்ளுவது வேறு. இந்த வித்தியாசம் எங்களுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

நோன்பு திறக்கும் நேரத்தில் இடைஞ்சல் வேண்டாமென்று எழுந்தோம். விடவில்லை. ஆறேகாலுக்கு மேல் பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. நாங்கள் கொண்டுபோன பேரீச்சம்பழத்தைத்தான் முதலில் எடுத்தார்கள். அவர்கள் வாயில் வைக்கும்வரை காத்திருந்து பிறகு நாங்களும் எடுத்தோம். தேங்காய்ப்பாலும் வெந்தயமும் மணக்கும் கஞ்சி வந்தது. நான் கேட்டு வாங்கி இரண்டாவது கிண்ணமும் குடித்தேன்.

புறப்படும்போது பாத்திமா சொன்னார்:

"ஞாயித்துக்கிழம வந்து மாடியப் பாக்கறோம். எங்களுக்குன்னு ஒண்ணும் செய்யாதீங்கக்கா, நோன்பு."

"சாயங்காலமா வாங்க. எங்க வீட்டுலயே நோன்பு திறக்கலாம்."

"உங்களுக்குக் கஞ்சி காய்ச்சத் தெரியுமா?"

"தெரியாது. எங்க அடுப்படிக்கு வந்து நீங்கதான் காய்ச்சணும்."

பாத்திமா லதாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். லதா அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று நினைத்தபடியே நான் செருப்பை மாட்டினேன். சந்து முனையில் ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டும்போது, பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

"அக்கா! உங்க வீட்டுல பெரிய குண்டான் இருக்கா, இல்ல நான் கொண்டாரட்டா?"