சுண்ணாம்பு ஆறிப்போன நூறு மீட்டர்

போன மாதம் ஒரு காரியம் செய்தேன். நான் போட்ட ரோட்டை நானே தோண்டிப் போட்டேன்... நூறு மீட்டர்!

கங்கைகொண்டானுக்கு வடக்கே ஒரு கிராமத்து ரோடு. அடியில் முழுக்கக் கரிசல். மழை பெய்தால் உப்பும், வெயில் அடித்தால் வெடிக்கும். வருஷா வருஷம் ஐப்பசியில் ரோடு பிதுங்கி, பஸ் நின்றுவிடும். இந்த வருஷம் நிற்காது என்று ஊர்க்காரர்களிடம் அடித்துச் சொல்லியிருந்தேன். கரிசலோடு சுண்ணாம்புத் தூளைக் கலந்து, தண்ணீர் தெளித்து, ஒரு நாள் விட்டு ரோலர் ஓட்டினால் அந்த மண்ணின் கொட்டம் அடங்கிவிடும். எனக்கு அதில் சந்தேகமே கிடையாது.

ஆனாலும் சோதித்துப் பார்ப்பேன். கலந்த மண்ணில் தினமும் ஓர் உருண்டை பிடித்து, பாலிதீன் பையில் கட்டி வைத்து, ஒரு வாரம் கழித்து வாளித் தண்ணீரில் போடுவேன். எல்லாம் கல்லு மாதிரி கிடந்தன. கடைசி நூறு மீட்டரில் எடுத்தது மட்டும் — பத்தே நிமிஷத்தில் கரைந்து சேறாகிவிட்டது.

சூப்பர்வைசர் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். தச்சநல்லூர்க்காரர். பல வருஷம் வீடு கட்டும் வேலையில் இருந்துவிட்டு ரோட்டுக்கு வந்தவர்.

“கடைசி லோடு சுண்ணாம்ப என்ன செஞ்சீங்க அண்ணாச்சி?”

“ஒண்ணும் செய்யலியே சார்வாள். மூட்டையப் பிரிச்சு, தண்ணி தெளிச்சு, பத்து நாள் அங்கன ஆறப் போட்டேன். சூட்டோட பூசுனா செவுரு பொரிஞ்சிரும்லா?”

சுவருக்குச் சரி. ரோட்டுக்கு? அப்படித் திறந்து கிடந்தால் காற்றுப் பட்டே சுண்ணாம்பின் வீரியம் போய்விடும். அலட்சியமாகச் செய்த தப்பை ஒரே பார்வையில் பிடித்துவிடலாம். அக்கறையாகச் செய்த தப்பு இருக்கிறதே... அதைப் பிடிக்க வாளி வேண்டியிருக்கிறது.

“தோண்டணும் அண்ணாச்சி” என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. மேலே ஜல்லியை விரித்து மூடிவிட்டால் மழை வரை யாருக்கும் தெரியாது. அதைத்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“எம்மவள இந்த ஊர்லதான் கெட்டிக் குடுத்திருக்கேன். ஐப்பசி கடைசில பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போவணும்... இந்த ரோட்டுலதான போவணும்? இன்னைக்கே தோண்டிருவோம் சார்வாள்.”

தோண்டினோம். புது மூட்டைகளைக் கலக்கிற அன்றுதான் பிரித்தோம். இந்தத் தடவை உருண்டை கரையவில்லை. ஜல்லியும் தாரும் மேலே ஏறின.

போன வாரம் மூன்று நாள் விடாத மழை. பஸ் ஒரு டிரிப்கூட நிற்கவில்லை. அண்ணாச்சி லீவு போட்டிருந்தார். திரும்பி வந்ததும் கேட்டேன்.

“ரோடு எப்படி இருந்துச்சு?”

“நான் எங்க ரோட்டப் பாத்தேன்? மவ எந்தோள்ல சாஞ்சு, தச்சநல்லூர் வரைக்கும் தூங்கிட்டே வந்தா சார்வாள்.”

பஸ்ஸில் போகிறவருக்கு ரோடு இருப்பதே தெரியக் கூடாது... அதற்குத்தான் எனக்குச் சம்பளம்!