தை மாதத்தில் ஊன்றிய காமன் கம்பம்

கல்யாணமாகித் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு வந்த முதல் வருஷம் முழுவதும் நான் ஒரு சாக்குத் திரைக்குப் பின்னால் குடித்தனம் செய்தேன். வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகளில் எங்களுக்கு ஒரே காம்பராதான். சாக்குக்கு அந்தப் பக்கம் என் மூத்தார், அதாவது என் கணவரின் அண்ணன், அவர் மனைவி, மூன்று பிள்ளைகள். இந்தப் பக்கம் நாங்கள். இயல்பிலேயே எனக்குப் பேச்சு குறைவு. அங்கே அதுவும் நின்றுபோனது.

முப்பதுகளில் தேயிலை விலை விழுந்து தோட்டங்கள் திண்டாடிய காலம். கொத்மலைப் பக்கம் ஒரு தோட்டத்தை மூடி, அந்த ஆட்களை எங்கள் தோட்டத்துக்குக் கொண்டுவரப்போவதாகக் காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது சொன்னார்கள். அவர்களுக்காக எங்கள் லயத்துக்குக் கீழே இரட்டை லயம் கட்டுவார்களாம். முதுகோடு முதுகு ஒட்டிய காம்பராக்கள், பக்கத்துக்குப் பன்னிரண்டு. நெருக்கியடித்துக் கிடக்கும் எங்கள் ஆட்களுக்கும் அதில் சில கிடைக்குமாம்.

கட்டப்போகும் இடம் எங்கள் லயத்தார் போஞ்சிக்காய் போட்டிருந்த நிலம். மாட்டுப்பட்டியும் அங்கேதான். தண்ணீர் விழுவது ஒரே பீலியில்; இத்தனை பேர் எப்படிப் பிடிப்பது என்று பெண்கள் கத்தினார்கள்.

"அம்புட்டுப் பேரும் நம்ம வாசல்ல வந்து பேலவா? அளவுக் குச்சி அடிக்க வரட்டும், கைய வெட்டுறேன்" என்றார் மூத்தார்.

"கட்டுனா கட்டட்டும்ண்ணே. எனக்கும் ஒரு காம்பரா கெடைக்கும்ல" என்றார் என் கணவர்.

"ஒனக்குப் பொண்டாட்டியோட படுக்கக் காம்பரா வேணும். அதுக்கு எம் புள்ளைங்க மண்ணத் திங்கணுமா?"

சாக்குக்குப் பின்னால் நான் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தேன். அப்போது எனக்கு மூன்று மாதம். அந்தச் சாக்குக்குப் பின்னால் பிள்ளை பெறமாட்டேன் என்பதில் மட்டும் உறுதியாக இருந்தேன்.

அளவுக் குச்சிகளை அடித்தார்கள். அன்று மாலையே பிடுங்கி அடுப்பில் வைத்தார்கள் எங்கள் ஆட்கள். மறுபடி அடிக்க வந்தவன் ஒருவனின் மண்டையைக் கல்லால் உடைத்தார்கள். போலீஸ் வரும் என்று பேச்சு எழுந்ததும் மூத்தாருக்கு ஒரு யோசனை தோன்றியது. மறுநாள் போஞ்சிப் பாத்திகளின் நடுவில் வைக்கோல் பிரி சுற்றி, வறட்டி கட்டிய காமன் கம்பம் நின்றது. காமன் கூத்துக்கென்று அதை ஊன்றிவிட்டால், காமனை எரிக்கும் நாள்வரை அந்த மண்ணில் யாரும் கடப்பாரை வைக்கமாட்டார்கள். சாமி காரியத்தில் கை வைத்தால் ஆட்கள் வேலைக்கு வரமாட்டார்கள் என்று தோட்டத்துத் துரையும் கட்டட வேலையை நிறுத்திவிட்டார்.

ஆனால் மாசி அமாவாசை கழிந்துதான் கம்பம் ஊன்றுவது வழக்கம். அது தை மாதம். பொங்கல் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. தெரிந்தும் யாரும் வாய் திறக்கவில்லை.

அன்று கொழுந்து நிறுக்கும்போது நான் கடைசி ஆள். கணக்கப்பிள்ளை யாழ்ப்பாணத்துக்காரர், தோட்டத்துக்குப் புதியவர். தராசைப் பார்த்தபடியே கேட்டார்: "உந்தக் கம்பத்தை எப்ப பிள்ளை எரிப்பினம்?"

யார் கேட்டாலும் தலையைக் குனிந்துகொள்பவள் நான். அன்று வாய் திறந்துகொண்டது.

"மாசியிலதாங்கய்யா ஊனுவாங்க. இது சாமிக் கம்பம் இல்லீங்க."

மறுநாள் துரையின் ஆட்கள் கோடரியோடு வந்து கம்பத்தை வெட்டிச் சாய்த்தார்கள்.

வேலை விட்டு வந்த ஆண்கள் நேராக என் கணவரைத் தேடி வந்தார்கள். புது லயம் வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான். வாசலிலிருந்து பாத்திவரை அவரை இழுத்துப் போனார்கள். மூத்தார்தான் முதலில் மண்வெட்டிப் பிடியால் அடித்தார்.

"சாமியக் காட்டிக் குடுத்தவன் என் தம்பி இல்லடா!"

முதல் அடி தோளில். இரண்டாவதைத் தடுக்கக் கையை உயர்த்தினார். மணிக்கட்டு முறிந்தது எனக்குக் கேட்டது. விழுந்தவரை நாலைந்து பேர் மிதித்தார்கள். அன்று காலையில் எங்கள் அடுப்பிலிருந்து கொள்ளி வாங்கிப் போன பக்கத்துக் காம்பராக்காரர், என் கணவரின் முகத்தை மண்ணில் வைத்துத் தேய்த்தார். "தின்றா! காம்பராதானே வேணும், தின்றா!"

நான் ஓடிப்போய் அவர்மேல் விழுந்தேன். "அவுக இல்ல! கணக்கப்பிள்ளைகிட்ட நாந்தான் சொன்னேன்!"

ஒரு கணம் எல்லோரும் நின்றார்கள். பிறகு சிரித்தார்கள்.

"பேரச் சொல்லிக் கூப்புட்டாலே நடுங்குற புள்ள, கணக்கப்பிள்ளைகிட்ட பேசுச்சாம்!" என்றாள் மூத்தாரின் மனைவி. "புருஷனக் காப்பாத்த என்னமாப் புளுகுது பாரு!"

மூத்தார் என் தலைமயிரைப் பிடித்து இழுத்து அப்பால் தள்ளிவிட்டு, மறுபடியும் அடித்தார்.

அந்த வருஷமே இரட்டை லயம் எழும்பியது. எங்களுக்குக் கடைசிக் காம்பரா. என் மகள் அங்கேதான் பிறந்தாள். பின்சுவருக்கு அப்பால் இருந்தவர்களின் இருமல், எங்கள் படுக்கையிலேயே இருமுவதுபோல் கேட்கும். என் கணவரின் வலது கை அதற்குப் பிறகு தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்துக் கத்தியைப் பிடிக்கவே இல்லை.

அவரும் என்னை நம்பவில்லை. இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன், சிரித்தார். "லயமே சேந்து அடிக்கிறப்ப, எனக்காகப் பொய் சொல்லி வந்து விழுந்தா இவ" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் போன வருஷம் சாகும்வரை பெருமையாகச் சொன்னார். அவர் சொல்லத் தொடங்கியதும், தேத்தண்ணிக் கோப்பையை அவருடைய இடது கையில் கொடுத்துவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.