முனாபின் குளுசை

நஜ்முன் நிஸாவின் மூத்த மகன் முனாப் ஓரிடத்தில் இருந்து சோறு தின்றதை யாரும் கண்டதில்லை. ஒரு வாய் வாங்கியதும் வாசலுக்கு ஓடுவான். அடுத்த வாய்க்கு அவள்தான் சோற்றுக் கோப்பையோடு பின்னால் போகவேண்டும். பள்ளிக்கூடத்திலும் அதே கதை. பாடம் நடக்கையில் எழும்பி ஜன்னலில் ஏறி, துறைமுகத்தில் நிற்கும் கப்பலைப் பார்ப்பான். மூன்றாம் வகுப்பில் மறுபடியும் இருத்தப்பட்ட வருஷம், இப்படியே இருந்தால் இனி இவனை வைத்துக்கொள்ள ஏலாது என்று தலைமையாசிரியர் சொல்லியனுப்பினார். எழுபத்தைந்தாம் ஆண்டாக இருக்கும்.

கணவன் அன்ஸாருக்குச் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் வேலை. அவன்தான் பிள்ளையை டவுனில் ஒரு டொக்டரிடம் கூட்டிப்போனான். காலையிலும் மாலையிலும் போடச்சொல்லி அவர் ஒரு மருந்துக் குளுசை கொடுத்தார்.

முனாப் அடங்கினான். கொப்பியில் எழுத்து கோட்டுக்குள் நின்றது. தவணைப் பரீட்சையில் கணக்குப் பாஸ். அன்ஸார் அதைக் கண்டவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தான். நிஸாவும் சந்தோஷப்படத்தான் பார்த்தாள். ஆனால் பிள்ளை கேள்வி கேட்பதை விட்டுவிட்டான். சோற்றைப் பிசைந்தபடியே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒருநாள் நிஸா தன் தாய் வீட்டுக்குப் போகப் பிள்ளைகளோடு கிண்ணியாத் துறையில் ஆட்களை ஏற்றிப்போகும் மிதவைப் பாதையில் ஏறிக் கடந்துகொண்டிருந்தாள். சின்னமகளின் செருப்பு கழன்று தண்ணீரில் விழுந்தது. அவள் குழறி அழ, செருப்பு மிதந்து போவதை முனாப் சும்மா பார்த்துக்கொண்டு நின்றான். முந்திய முனாப் என்றால் குதித்திருப்பான். குதித்திருந்தால் அந்த நீரோட்டத்தில் உயிரோடு கரை சேர்ந்திருக்கவும் மாட்டான். குளுசைக்கு நன்றி சொல்வதா, அதைத் தூக்கி எறிவதா என்று நிஸாவுக்கு விளங்கவில்லை.

மறுநாளிலிருந்து யாருக்கும் சொல்லாமல் குளுசையைப் பாதியாக உடைத்துக் கொடுத்தாள். மகனின் சிரிப்பு திரும்பி வந்தது. தங்கையோடு சண்டையும் வந்தது. மாதம் முடியுமுன் பக்கத்து வீட்டு மதிலில் ஏறி விழுந்து கையை முறித்துக்கொண்டான். அப்போதுதான் அன்ஸாருக்கு விஷயம் தெரிந்தது. நல்லாயிருந்த பிள்ளையை நீதான் கெடுத்தாய் என்று ஏசினான். அவளுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

டொக்டரிடம் தானே போய் நடந்ததைச் சொன்னாள்.

"கூடக் குடுத்துப் பிள்ளைய மரமாக்கிப் போட்டமா டொக்டர்? இல்லாட்டி, குறைச்சது என்ட பிழையா?"

ஏசுவார் என்றுதான் நினைத்திருந்தாள். அவர் ஏசவில்லை.

"சரியான அளவு எதெண்டு எனக்கும் நிச்சயமாத் தெரியா, தங்கச்சி. பள்ளிக்கூட நாளில காலையில பாதி மட்டும் குடுத்துப் பாருங்க. பிறகு வந்து சொல்லுங்க."

அப்படியே சில வருஷம் ஓடியது. பிறகு குளுசை தானாகவே நின்றுபோனது. முனாப் படிப்பை முடிக்கவில்லை. மூதூருக்கு ஆட்களை ஏற்றிப்போகும் லோஞ்சுப் படகில் வேலைக்குச் சேர்ந்தான். நல்ல வேலைக்காரன் என்று பெயர் எடுத்தான். மருந்துதான் அவனை மனிசனாக்கியது என்பான் அன்ஸார். வயது வந்தால் எல்லாப் பிள்ளையும் அடங்கும் என்பாள் நிஸாவின் தங்கை.

ஒருநாள் சோறு போடும்போது நிஸா அவனையே கேட்டாள், அந்தக் குளுசை போட்ட காலம் எப்படி இருந்தது என்று.

"கணக்கு விளங்கினது உம்மா. பள்ளிக்கூடத்துச் சேர்மார் ஏசல்ல," என்றான். கடைசி வாயையும் தின்றுவிட்டு, "வேற ஒண்டும் ஞாபகத்துக்கு வருகுதில்ல" என்றான். சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான்.

அதை நல்ல பதிலாக எடுப்பதா, கெட்ட பதிலாக எடுப்பதா என்று நிஸாவுக்கு இன்னும் பிடிபடவில்லை.