பின்னால் வந்த விமானம்

விமானச் சண்டை விளையாட்டு கற்க ஆரம்பித்து இன்று நான்காம் நாள். ஆன்லைனில் ஏறியதும் முன்பின் தெரியாத ஒருவர் என் விமானத்தின் பின்னாலேயே வந்தார். எப்படித் திரும்பினாலும் விடவில்லை. சுடவும் இல்லை.

மைக்கில் கேட்டேன். "ஏன் சுடாம வாறீங்க?"

"நீ மொதல்ல திரும்பிப் பொறத்தால பாக்கப் படி, மக்கா."

நம்ம ஊர்ப் பேச்சு!

அப்போது அவர் பக்கமிருந்து மீன்காரரின் ஹாரன் கேட்டது. ஹெட்போனைக் கழற்றினேன். எங்கள் தெருவில் சத்தமே இல்லை. சற்று நேரத்தில் அதே ஹாரன் எங்கள் வாசலில் வந்து நின்றது.

மறுபடி மாட்டினேன்.

"போய் சாள மீனு வாங்கு. நான் இங்கதான் நிக்கேன்" என்றார்.

கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கிவிட்டேன்.

இராஜாக்கமங்கலத்தில் எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் இருப்பது எங்கள் வீட்டில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அந்த அண்ணன் இதைப் படித்தால் ஒரு லைக் போடுங்கள்.

இல்லை, வேண்டாம். மற்றவர்கள் மட்டும் போடுங்கள்.