பெரிய வெள்ளியில் அமாவாசை

நாவலைக் கையில் எடுத்தால் நான் முதலில் தேடுவது மாதத்தையும் கிழமையையும்தான். கதை அதற்கப்புறம். மதுரையில் ஒரு மிஷன் பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். டி.சி.யில் பிறந்த தேதி ஒரு நாள் பிசகினால் பின்னால் ஒருவனுடைய வேலையே போய்விடும் என்ற பயத்தோடு எழுதிப் பழகிய கை இது. நாவல் எழுதுகிறவர்களுக்கு அந்தப் பயம் துளியும் கிடையாது. ஒரு குடும்ப நாவலில் கதாநாயகிக்கு ஆடியில் மசக்கை, மறு வருஷம் ஆவணியில் பிரசவம். பதின்மூன்று மாதம். யானைக்குக் குறைவு, மனுஷிக்கு அதிகம். பின்னட்டையில் ஒரு பெரியவர் இதை ‘வாழ்வின் துல்லியமான பதிவு’ என்று புகழ்ந்திருக்கிறார்.

என்னுடைய இந்தப் பழக்கத்தைக் கண்டு பயப்படுகிறவர்கள் வீட்டில் இரண்டு பேர், மனைவியும் மகளும். மகளைப் பெண் பார்க்க டி. கல்லுப்பட்டியிலிருந்து வந்திருந்த அன்று அந்தப் பயம் உச்சத்துக்குப் போனது. பொங்கல் கழிந்த ஞாயிறு, ஆராதனை முடிந்த மத்தியானம். எல்லாம் நல்லபடியாகப் பேசி முடித்து, அவர்கள் வாசலுக்குப் போய்விட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி உள்ளே வந்தார். பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். அவரே எழுதி, அவரே அச்சடித்த நாவல்.

“நீங்க நெறைய வாசிக்கிறவர்னு சொன்னாங்க சார். மறைக்காம அபிப்பிராயம் சொல்லணும். உறுதி பண்ண வரும்போது கேப்பேன்.”

சாம்பல் புதன் வந்துவிட்டால் ஈஸ்டர் வரைக்கும் எங்கள் சபையில் கல்யாணக் காரியம் எதையும் எடுக்க மாட்டார்கள். ஆகவே அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை உறுதி செய்ய வருவதாக ஏற்பாடு. அவர்கள் கார் தெருமுனை திரும்பியதும் மனைவி ஆரம்பித்தாள்.

“படிங்க, வேணாங்கல. அன்னைக்கு அவரு கேட்டா நல்லா இருக்குன்னு சொல்லுங்க. சிரிங்க. கேக் தட்ட எடுத்து நீட்டுங்க. அம்புட்டுத்தான் உங்க வேலை.”

மகள் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. “எத்தனையோ பேரு வந்து பாத்துட்டுப் போயாச்சு. இப்பத்தான் எனக்கு ஒருத்தரப் பிடிச்சிருக்கு. ஒரு நாவலுக்காக இதக் கெடுத்துறாதீங்கப்பா.”

அவர்கள் பயத்தில் நியாயம் உண்டு. நாவல்களைப் பற்றி நான் சாப்பாட்டு மேஜையில் பேசுவதையெல்லாம் வருஷக்கணக்காகக் கேட்டவர்கள்.

கிராமத்து நாவல்களை எடுத்துக்கொள்ளுங்கள். ‘மண் மணம்’ என்று அட்டையிலேயே போட்டுவிடுகிறார்கள். முதல் பக்கத்தில் வெயில், மூன்றாம் பக்கத்தில் ஒரு கிழவர் வெற்றிலை எச்சிலைத் துப்புகிறார், கடைசிப் பக்கத்தில் மழை. கொட்டாம்பட்டிப் பக்கத்தில் நடப்பதாகச் சொல்லப்பட்ட ஒரு நாவலில் ஆடியில் விதைத்த நிலக்கடலையை ஆவணியில் பறிக்கிறார்கள். ஆவணியில் அந்தச் செடியைப் பிடுங்கினால் வேர்தான் வரும். எழுதியவர் கடலையைப் பொட்டலத்தில் மட்டுமே பார்த்திருக்கிறார். அதை ஒளிக்கவாவது அவர் கொஞ்சம் மெனக்கெட்டிருக்கலாம்.

மதுரையை எழுதுகிறவர்கள் இன்னும் மோசம். இரண்டு பக்கத்துக்கு ஒரு தடவை ஒருவன் அரிவாளை எடுக்கிறான், இல்லையென்றால் புரோட்டாவைப் பிய்க்கிறான். எல்லோரும் எல்லோரையும் ‘மாப்ள’ என்கிறார்கள். ஒரு நாவலில் மகன் அப்பாவையே அப்படித்தான் கூப்பிடுகிறான். மார்கழி மாதத்தில் சந்தையில் மல்லிகை மலைபோலக் குவிந்து கிடக்கிறது. மார்கழிப் பனியில் மல்லிகை அதிகம் பூக்காது. என் மனைவி கடைக்காரரிடம் விலையைக் கேட்டுவிட்டுப் பூ வாங்காமலே வீடு திரும்புகிற மாதம் அது. செல்லூர் நெசவாளர் வாழ்க்கை என்று ஒரு நாவல். பவர்லூம் ஓடிக்கொண்டிருக்கும் கொட்டகைக்குள் காதலனும் காதலியும் ஐந்து பக்கத்துக்குக் கிசுகிசுக்கிறார்கள். அந்தச் சத்தத்தில் நெருப்பு என்று கத்தினால்கூடப் பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்காது. இவர்களுக்குப் பெருமூச்சு கேட்கிறது.

சரித்திர நாவல்காரர்களிடம் நான் எதிர்பார்ப்பதே இல்லை. நானூறு பக்கத்துக்குக் குதிரை ஓடுகிறது, தண்ணீர் குடிக்கவில்லை. பாண்டியன் அரண்மனை முற்றத்தில் மிளகாய் காய்கிறது. மிளகாய் நம் கரைக்கு வந்ததே பல நூற்றாண்டு கழித்துக் கப்பலில்தான். அது வந்து சேரும் முன்பே இங்கே வற்றலாகிவிட்டது.

இவர்களாவது ஒரு காலத்தைச் சொல்லித் தப்பாகச் சொல்கிறார்கள். நகரத்துத் தனிமையை எழுதுகிற புது ஆட்கள் காலத்தையே சொல்வதில்லை. ஒருவன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிறான். அது காலையா மாலையா தெரியாது. அவனுக்கு வேலை இருக்கிறதா, வாடகை யார் கட்டுகிறார்கள், மத்தியானம் என்ன சாப்பிட்டான், ஒன்றும் தெரியாது. நூற்றெண்பது பக்கம் கழித்தும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறான். நான்தான் எழுந்து போக வேண்டியிருந்தது.

நான் மதிக்கிறவர்கள் பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்குகிற துப்பறியும் மாத நாவல்காரர்கள் மட்டும்தான். செவ்வாய்க்கிழமை கொலை என்றால் புதன்கிழமை போஸ்ட்மார்ட்டம். கிழமை தப்பினால் கொலைகாரன் தப்பிவிடுவான் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் எழுத்து நடை மட்டம்தான். ஆனால் கிழமை சரி.

இப்படிப் பேசுவதற்கு வெளியில் எனக்கு ஒரே ஒரு துணை உண்டு. பழைய நகரத்துக்குள் கைலிக் கடை வைத்திருக்கும் பாய். வியாபாரம் இல்லாத நேரத்தில் கல்லாவுக்குப் பின்னால் படிப்பார். தன் தெருவைப் பற்றி வெளியாட்கள் எழுதும் நாவல்களை அவர் ஒன்று விடாமல் வாங்குவது, திட்டுவதற்காக.

“அண்ணே, இந்தாளு நாவல்ல எங்களுக்கு முப்பது வருசமா சித்திரையிலயே நோம்பு வருது. நோம்பு வருசா வருசம் முன்னால நகந்து வரும்ல? இவருக்கு நகர மாட்டேங்குது. தாகத்துல எங்களக் கொன்னே போட்டுட்டாரு” என்றார் ஒரு நாள். பிறகு இன்னொரு பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். “இதப் பாருங்க. பெருநாள் பெறைய நாங்க கழுத்து சுளுக்கத் தேடுறோம், கண்ண மூடித் தெறக்குறதுக்குள்ள எறங்கிரும். இவரு மொட்ட மாடியில முழு நிலாவக் காயப்போட்டுருக்காரு.”

புத்தக வெளியீட்டுக் கூட்டங்களுக்கு நாங்கள் சேர்ந்தே போவோம். கடைசி வரிசை. மேடையில் ஏறுகிற ஒவ்வொருவரும், எந்தப் புத்தகமானாலும், ‘இது ஒரு முக்கியமான நாவல்’ என்றுதான் தொடங்குவார்கள். ஒரு கூட்டத்தில் அந்தச் சொல் எட்டாவது தடவையாக வந்தபோது நான் பாயிடம் குனிந்து கேட்டேன்.

“முக்கியமானன்னா என்னதான் பாய் அர்த்தம்?”

“நான் படிக்கலன்னு அர்த்தம்ணே.”

முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்துவிட்டேன்.

தலைமையாசிரியரின் நாவலை மாசி பிறந்த பிறகுதான் தைரியமாகக் கையில் எடுத்தேன். கரிசல் கிராமத்து மிஷன் பள்ளியில் ஒரு இளம் வாத்தியார். அவர் பேசினால் பிரசங்கம், பேசாவிட்டால் ஜெபம். வில்லன் கடை வைத்திருக்கிறான், ஆகையால் எடையில் ஏமாற்றுகிறான். கதாநாயகி தும்பைப்பூ மாதிரி சிரிக்கிறாள், தும்பைப்பூ மாதிரி அழுகிறாள், ஒரு தடவை தும்பைப்பூ மாதிரி தும்முகிறாள். எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிட்டேன். உச்சக்கட்டம் பதினாறாம் அத்தியாயம். ஊரில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல். பெரிய வெள்ளி இரவு, நடுச்சாமம், ‘அமாவாசையின் கன்னங்கரிய இருள்’. வாத்தியார் மருந்துக்காக நடக்கிறார், கரிசல் காட்டில் வழி தவறுகிறார், கதறி அழுகிறார், தூரத்தில் ஒரு லாந்தர் வெளிச்சம் தெரிகிறது.

புத்தகத்தை மூடி வைத்தேன். பெரிய வெள்ளியில் அமாவாசை! ஈஸ்டரைக் கணக்கிடுவதே பௌர்ணமியை வைத்து. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை நடுச்சாமத்தில் வானத்தில் நிலா இல்லாமல் இருக்க வழியே இல்லை. வேறு யாராவது எழுதியிருந்தால் அறியாமை என்று விட்டுவிடலாம். இந்த மனுஷர் பிறந்ததிலிருந்து பெரிய வெள்ளி ஆராதனைக்குப் போகிறவர்.

வீட்டில் மூச்சு விடவில்லை. பாயிடம் மட்டும் போய்க் கொட்டினேன். கைலியை மடித்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

“பிள்ள கல்யாணம்ணே. பேசாம முக்கியமான நாவல்னு சொல்லிட்டு வாய மூடிக்கங்க.”

“நானா? அந்த வார்த்தையவா?”

“அதுக்குத்தான அந்த வார்த்தையக் கண்டுபிடிச்சு வச்சிருக்காங்க.”

உறுதி செய்ய அவர்கள் வந்தார்கள். தலைமையாசிரியர், அவர் மனைவி, மாப்பிள்ளை. ஜெபம் முடிந்தது. மனைவி கேக்கை வெட்டி வைத்தாள். அவர் தட்டைத் தொடவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அப்புறம் சார், வாசிச்சீங்களா?”

மனைவியின் பார்வை என் கன்னத்தில் சுட்டது.

“வாசிச்சேன். ரொம்ப முக்கியமான நாவல்.”

சொல்லும்போது நாக்கில் சோப்பு பட்டதுபோல இருந்தது. அவர் முகம் மலர்ந்தது. ஆனால் மேடைகளில் யாரும் கேட்காத கேள்வியை அவர் கேட்டுவிட்டார்.

“எந்த விதத்துல சார்?”

“எல்லா விதத்துலயும்தான்.”

“அந்தப் பதினாறாவது அத்தியாயம்?”

“அதுவும் முக்கியம்.”

“அத எழுதும்போது எனக்கே கண்ணு கலங்கிருச்சு சார். அந்த அமாவாசை இருட்டு இருக்கே, அதுதான் புத்தகத்துக்கே உயிர்.”

காபித் தட்டோடு மகள் நின்றுகொண்டிருந்தாள். அவள் உதட்டைக் கடிப்பதைப் பார்த்தேன். என்னை நினைத்தா, அவரை நினைத்தா, தெரியவில்லை.

“அங்கிள்” என்றாள். “பெரிய வெள்ளிக்கு அமாவாசை வராது.”

“ஏய், உள்ள போ” என்றாள் மனைவி.

மகள் போகவில்லை. கரும்பலகை முன்னால் நிற்பதுபோல நின்றாள். “பௌர்ணமிய வச்சுத்தான் அங்கிள் ஈஸ்டர் வரும். அன்னைக்கு ராத்திரி பன்னெண்டு மணிக்கு நிலா பளிச்சுனு இருந்திருக்கும். உங்க வாத்தியாரு வழி தப்பவே முடியாது.”

காரியம் கெட்டது என்று நான் தீர்மானித்துவிட்டேன். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தலைமையாசிரியர் மெதுவாகக் கேட்டார். “நீ வாசிச்சியாம்மா?”

“ரெண்டு தடவை.”

“ரெண்டு தடவையா!” அவர் மகனைத் திரும்பிப் பார்த்தார்.

மாப்பிள்ளை கேக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “நான் ரெண்டாவது அத்தியாயத்துல இருக்கேம்ப்பா.”

“போன வருசமும் அங்கதான இருந்த?” பிறகு என்னிடம் திரும்பினார். “தெரிஞ்சவங்க எல்லாருக்கும் குடுத்தேன் சார். எல்லாரும் முக்கியமான நாவல்னுதான் சொன்னாங்க. ஒருத்தரும் இதச் சொல்லல.” அந்தப் பட்டியலில் நான் கடைசியாகச் சேர்ந்திருப்பது அவருக்கும் புரிந்தது, எனக்கும் புரிந்தது. “இத்தன வருசமா பெரிய வெள்ளிக்குக் கோயிலுக்குப் போயிட்டு வாரேன். ஒருநாள் கூட அண்ணாந்து பாக்கலியே.”

“நிலாவ அப்புறம் பாருங்க” என்றார் அவர் மனைவி, காபியை எடுத்துக்கொண்டே. “மொதல்ல மருமகளப் பாருங்க. நம்ம வீட்ல உங்களத் தட்டிக் கேக்க ஒரு ஆளு வேணும்னு நான் எம்புட்டு நாளா சொல்றேன்? ஓலை என்னைக்குக் குடுக்குறதுன்னு பேசுவோம்.”

சபையில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, ஈஸ்டர் கழிந்து கல்யாணம் நடந்தது. பாய் இரண்டு கைலியும் ஒரு துப்பறியும் நாவலும் பரிசாகக் கொடுத்தார். அந்த வருஷம் பெரிய வெள்ளி இரவு என் சம்பந்தி மாடியில் நின்று நிலாவைப் பார்த்ததாகவும், பார்த்துவிட்டு ‘அடுத்த பதிப்பில் மேகம் போட்டுவிடலாம்’ என்று சொன்னதாகவும் மாப்பிள்ளை சொன்னான். அடுத்த பதிப்பாம். முதல் பதிப்பு அவர்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டியோடு அப்படியே இருக்கிறது.

இப்போது அவர் இரண்டாவது நாவலை எழுதி முடித்திருக்கிறார். ஒவ்வோர் அத்தியாயமும் மருமகள் கைக்குப் போய்த்தான் திரும்புகிறது. போன வாரம் மகள் போனில் கூப்பிட்டாள்.

“மாமா புது நாவல் அச்சுக்குப் போகுதுப்பா. மாசம், கிழமை, நிலா எல்லாம் நான் பாத்துட்டேன். ஒண்ணுகூடப் பிசகில்ல.”

“நாவல் எப்படிம்மா இருக்கு?”

பக்கத்தில் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.

“முக்கியமான நாவல்ப்பா” என்றாள்.